கடலூரில் மழைக்காலம்: வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது

கேள்வி இதுதான்: "கோவையிலிருந்து கடலூருக்கு மாற்றலாகி வந்து, புதுப்பாளையத்தில் வாடகைக்கு வீடு பிடித்திருக்கிறோம். வீட்டில் சர்க்கரை நோய் உள்ள அம்மா, ஆறு மாதக் கர்ப்பிணியான மனைவி. நவம்பர் வந்தால் தெரியும் என்று பார்ப்பவர்கள் எல்லாம் பயமுறுத்துகிறார்கள். உள்ளூர் நிலவரத்தை எங்கே தெரிந்துகொள்வது, என்ன வாங்கி வைப்பது, அரசு உதவி என்ன கிடைக்கும், நிலைமை மோசமானால் கோவைக்கே கிளம்பிவிடலாமா?"

பயமுறுத்துபவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்கிறார்கள். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது தமிழ்நாடு முழுக்கச் சொல்லும் பேச்சு. கடலூரில் அதோடு மார்கழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. தானே புயல் கரையேறியது 2011 டிசம்பர் 30, புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு. அதனால் பொங்கல் வரும்வரை இங்கே யாரும் டார்ச் லைட்டை எடுத்து உள்ளே வைப்பதில்லை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை உள்ள மூன்று மாதத்தில் கொட்டிவிடும் ஊர் இது. கோவையில் மழையைப் பார்த்தவர்களுக்கு இந்த வேகம் புதிது.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கடலூரில் தண்ணீர் மூன்று பக்கமிருந்து வரும்: வானத்திலிருந்து, ஆற்றிலிருந்து, கடலிலிருந்து. வெளியூர்க்காரர்கள் முதலாவதை மட்டும் பார்ப்பார்கள். உண்மையில் வீட்டுக்குள் ஆளுயரத் தண்ணீரைக் கொண்டுவருவது பெரும்பாலும் இரண்டாவது. அதுவும் மழை விட்டு, வெயில் எட்டிப் பார்த்து, "அப்பாடா, முடிந்தது" என்று ஈரத் துணியைக் காயப்போடும் நேரத்தில்தான் வரும்.

2024-ல் நடந்ததைப் பாருங்கள். பெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்துவிட்டு நகர்ந்து போயிருந்தால் பரவாயில்லை. அங்கேயே மணிக்கணக்கில் நின்றுகொண்டு பெய்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ-க்கு மேல் மழை. அந்த மழையில் கடலூரும் நனைந்தது, தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. அது ஒரு கட்டம். பிறகு புயல் உள்ளே போய்த் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி பக்கம் கொட்டியது. அந்தத் தண்ணீர் முழுக்கத் தென்பெண்ணை ஆற்றில் இறங்கியது. டிசம்பர் 2 விடியற்காலையில் அந்த ஆற்றின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்தார்கள். அது விழுப்புரம் மாவட்டத்தை ஒரு புரட்டு புரட்டிவிட்டு இங்கே வந்தபோது குண்டு உப்பலவாடி, நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு, பெரியகங்கணாங்குப்பம் என்று ஆற்றோர ஊர்கள் எல்லாம் மூழ்கின. மாடியில் நின்றவர்களைப் படகில் போய் இறக்கினார்கள். முறைப்படி எச்சரித்தோம் என்றது அரசு. நள்ளிரவில் சொன்னது யார் காதில் விழுந்தது என்று கேட்டன எதிர்க்கட்சிகள். அந்தச் சண்டை எப்படிப் போனாலும், நமக்கு வேண்டிய பாடம் ஒன்று உண்டு: சாத்தனூர் அணை நிலவரத்தை நீங்களே தினம் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

அணையின் முழு உயரம் 119 அடி. நீர்மட்டம் அதை நெருங்கிவிட்டது, மேலே மழை நீடிக்கிறது என்று செய்தி வந்தால், கடலூர் வானம் பளிச்சென்று இருந்தாலும் உஷாராகிவிடுங்கள். விநாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பதுதான் முக்கியமான எண். சில ஆயிரம் என்றால் ஆறு தாங்கும். லட்சத்தைத் தொடும் பேச்சு வந்தால் ஆற்றோரத்தில் இருப்பவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். திறந்த தண்ணீர் இங்கே வந்து சேர மணிக்கணக்கில் ஆகும், அதுதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். டிவியில் "கரையோர மக்களுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை" என்று ஓடும் வரியைக் கோவைக்காரர்கள் படிக்காமல் தாண்டிப் போகலாம். நீங்கள் இனி தாண்டக் கூடாது.

புதுப்பாளையத்துக்குப் பக்கத்து ஆறு தென்பெண்ணை அல்ல, கெடிலம். நகரத்தை மஞ்சக்குப்பம் பக்கம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடுவது. அண்ணா பாலத்தில் நின்றால் அதன் மனநிலை தெரியும். கோடையில் அதை ஆறு என்று சொன்னால் சிரிப்பீர்கள். சாத்தனூர் மாதிரி பெரிய அணை எதுவும் அதன் குறுக்கே இல்லை என்பதால், மேலே பெய்த மழை நேராக இறங்கி வரும். பண்ருட்டி, திருவந்திபுரம் பக்கம் ஆற்றில் எவ்வளவு ஓடுகிறது என்பதை அங்கிருந்து வேலைக்கு வருபவர்களிடம் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். தெற்கே குறிஞ்சிப்பாடி பக்கம் பரவனாறும் பெருமாள் ஏரியும் தனிக் கதை. அது உங்கள் தெருவைத் தொடாது.

மூன்றாவது, கடல். அலை ஊருக்குள் வருவது எப்போதாவதுதான். கடல் செய்யும் சாதாரணத் தொல்லை வேறு மாதிரி. புயல் நேரத்திலும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் கடல்மட்டம் உயர்ந்து நிற்கும். முகத்துவாரத்தில் ஆற்று நீர் வெளியேற முடியாமல் தேங்கும். ஆறு வாங்காவிட்டால் வாய்க்கால் வாங்காது, வாய்க்கால் வாங்காவிட்டால் உங்கள் தெருத் தண்ணீர் எங்கே போகும்? தட்டையான ஊர் வேறு. அதனால் "மழை விட்டு ஆறு மணி நேரம் ஆச்சு, இன்னும் வடியலையே" என்று மாநகராட்சியைத் திட்டுவதற்கு முன் கடல் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். திட்ட வேண்டியதே இல்லை என்று சொல்லவில்லை. தூர்ந்த வாய்க்காலும் அதில் அடைத்துக்கொண்ட பிளாஸ்டிக்கும் நிஜம்தான்.

புயல் எங்கே கரையேறுகிறது என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள். நம் கடற்கரையில் புயல் மேற்கு நோக்கி வரும்போது, காற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும். அதனால் புயல் கடக்கும் இடத்துக்கு வடக்கே உள்ள கரையில்தான் காற்று கடலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். நமக்கு வடக்கே மரக்காணம் பக்கம் கடக்கிறது என்றால் (2020-ல் நிவர் அப்படித்தான் போனது) கடலூருக்குக் கடல் சீற்றம் ஓரளவு குறையும். ஆனால் மழையும் குறையும் என்று நினைக்காதீர்கள். பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே கடக்கிறது என்றால் தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் மக்கள் அன்றிரவு தூங்க மாட்டார்கள். நேரே நம் தலைமேல் வந்தால் நடுவில் காற்று சட்டென்று நின்றுவிடும். நட்சத்திரம்கூடத் தெரியலாம். முடிந்தது என்று வெளியே வந்துவிடாதீர்கள். புயலின் கண் நம்மைத் தாண்டியதும் எதிர்ப் பக்கத்திலிருந்து மறுபடி அடிக்கும், முதல் அடியில் தளர்ந்த மரமும் கூரை ஓடும் அதில்தான் விழும்.

சரி, செய்தி எங்கே பார்ப்பது? சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கைதான் மூலம். மற்ற எல்லோரும் அதற்கு உரை எழுதுபவர்கள். மஞ்சள் எச்சரிக்கை என்றால் சுமார் 6 முதல் 11 செ.மீ மழை, ஆரஞ்சு என்றால் 12 முதல் 20, சிவப்பு என்றால் 20-க்கு மேல் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் போன்ற தனி ஆர்வலர்கள் புரியும்படி சொல்கிறார்கள், படியுங்கள். ஆனால் வெளியேறுவதா இல்லையா என்ற முடிவை அரசு அறிவிப்பை வைத்து எடுங்கள். காரைக்கால் ரேடார் படத்தைச் செல்போனில் பார்க்கக் கற்றுக்கொண்டால் அடுத்த இரண்டு மணி நேர மழையை நீங்களே ஊகிக்கலாம். பழகிவிட்டால் அதுவே ஒரு போதை, இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மாநில அரசின் டிஎன் அலர்ட் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் சமூக வலைத்தளப் பக்கத்தையும் பின்தொடருங்கள். பள்ளி விடுமுறை அங்கேதான் முதலில் வரும். அதற்குள் உங்கள் வாட்ஸ்அப்பில் மூன்று பொய் விடுமுறையும், போன புயலின் பழைய வீடியோ இரண்டும் வந்து சேர்ந்திருக்கும். எந்த வீடியோவிலும் தேதி தெரியவில்லை என்றால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். மின்சாரமும் டவரும் போனபின் மிஞ்சுவது பேட்டரியில் ஓடும் ரேடியோதான். புதுச்சேரி வானொலி இங்கே நன்றாகக் கேட்கும். பழைய டிரான்சிஸ்டர் இருந்தால் தூசி தட்டி வையுங்கள்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எண்ணை வைத்து ஊரே பேசும். அதில் ஒரு சின்னத் தெளிவு. 1, 2 என்பவை கடலில் தூரத்தில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று கப்பல்களுக்குச் சொல்வது. 3, 4 வந்தால் நம் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம் என்று பொருள். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம், 8, 9, 10 மூன்றும் ஒரே அளவு பெரிய அபாயம். எண் மாறுவது புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதைப் பொறுத்து. ஆகவே 8-லிருந்து 9 ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். 8-க்கே பதறியிருக்க வேண்டும்.

இதையெல்லாம்விட மேலான செய்தி மூலம் உங்கள் தெருவிலேயே இருக்கிறது. கடலூர் 2021-ல்தான் மாநகராட்சி ஆனது, 45 வார்டுகள். உங்கள் வார்டு எண் என்ன, கவுன்சிலர் யார், தெருவில் காலையில் குப்பை எடுக்க வருபவர்களின் மேஸ்திரி யார் என்று இந்த வாரமே விசாரித்துக்கொள்ளுங்கள். எந்த மதகு அடைத்திருக்கிறது, மோட்டார் பம்ப் எங்கே நிற்கிறது என்பது அந்த மேஸ்திரிக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அதிகாரிக்கும் தெரியாது. அப்புறம், வீட்டுக்காரரிடமும் எதிர்வீட்டுப் பாட்டியிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "2015 வெள்ளத்திலும் 2024 வெள்ளத்திலும் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது?" சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள். அந்த உயரத்துக்கு மேலே ஒரு அடி விட்டு உங்கள் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், அரிசி மூட்டை எல்லாம் இருக்க வேண்டும். தரைத்தளம் என்றால் மாடி வீட்டுக்காரருடன் இப்போதே சிநேகம் பிடித்து வையுங்கள், பலகாரம் கொடுத்தாவது.

எண்கள்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, மின்சாரப் புகார் 94987 94987. இவற்றைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். 1077-ஐக் கூப்பிடும்போது "எங்க ஏரியா முழுக்கத் தண்ணி சார்" என்றால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. வார்டு எண், தெரு, பக்கத்தில் தெரியும் கோயிலோ பள்ளியோ, தண்ணீர் முழங்காலா இடுப்பா, நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்று சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கி வைப்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிஸ்கட், மெழுகுவர்த்தி எல்லாம் எல்லோருக்கும் தெரியும். தானே புயல்தான் இங்கே அளவுகோல். மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்றில் பண்ருட்டி பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்தன, பல ஊர்களில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் கழிவறைக்குக்கூடத் தண்ணீர் இல்லை. ஆகவே எச்சரிக்கை வந்த அன்று மேல்நிலைத் தொட்டி, குடம், அண்டா, பக்கெட் எல்லாவற்றையும் நிரப்புங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4, 5 லிட்டர் கணக்கில் நான்கு நாளுக்குத் தனியாக எடுத்து வையுங்கள். கேஸ் சிலிண்டரை நவம்பர் முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். கையில் சில ஆயிரம் ரொக்கம் இருக்கட்டும், டவர் இல்லாத நாளில் ஜிபே வேலை செய்யாது, பால்காரருக்குக் காசுதான்.

அம்மாவுக்கு இன்சுலின் உண்டா? ஒரு மாத மருந்து கூடுதலாக வாங்கி வையுங்கள். பிரிட்ஜ் ஓடாத நாளில், ஈர மணல் நிரப்பிய பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, மருந்தைத் தண்ணீர் படாமல் உறையில் போட்டு அதற்குள் வைத்தால் ஓரளவு குளிர்ச்சியாக இருக்கும். உறையவிட்ட ஐஸோடு ஒட்டி வைத்தால் மருந்து கெட்டுவிடும். திறந்து பயன்படுத்தும் மருந்து வெயில் படாத இடத்தில் சில வாரம் தாங்கும் என்பதால் பெரிய பதற்றம் வேண்டாம், திறந்தபின் எத்தனை நாள் என்று போட்டிருக்கும் கெடுவை மட்டும் பாருங்கள்.

மனைவி விஷயத்தில்தான் முன்யோசனை அதிகம் வேண்டும். இப்போது ஆறு மாதம் என்றால் புயல் மாதங்கள் அவருக்கு ஏழு, எட்டு, ஒன்பது. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, கோவையில் வாங்கிய பிக்மி எண்ணை (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) கொடுத்து, இங்கே உள்ள செவிலியரின் பட்டியலில் சேருங்கள். தனியார் மருத்துவமனையில்தான் பிரசவம் பார்ப்போம் என்றாலும் இதைச் செய்யுங்கள். காரணம், புயல் வரும்முன் பிரசவ நாள் நெருங்கியவர்களை முன்கூட்டியே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சுகாதாரத் துறையின் வழக்கம். பட்டியலில் பெயர் இருந்தால்தான் தேடி வருவார்கள். மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசுத் தலைமை மருத்துவமனை உங்களுக்குக் கிட்டத்தில்தான், ஆற்றைத் தாண்ட வேண்டியதில்லை. இது சின்ன விஷயமில்லை.

முகாம் என்றால் முகம் சுளிக்காதீர்கள். கடற்கரை ஊர்களில் புயல் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன. நகரத்துக்குள் பள்ளிக்கூடங்களும் கல்யாண மண்டபங்களும் முகாமாகும். சோறு, பால், மருத்துவர் உண்டு. கூரை, ஓட்டு வீட்டில் இருப்பவர்கள் கௌரவம் பார்க்காமல் போய்விடுவதே நல்லது. உங்களுடையது மாடி உள்ள கான்கிரீட் வீடாக இருந்தால், மாடியில் இடம் கிடைத்தால், அங்கேயே இருக்கலாம்.

உதவித் தொகை பற்றிக் கேட்டீர்கள். இங்கேதான் புதிதாகக் குடிவந்தவர்கள் கோட்டை விடுவார்கள். 2024 வெள்ளத்துக்குப் பிறகு தமிழக அரசு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் அறிவித்தது. பக்கத்தில் புதுச்சேரி அரசு 5,000 கொடுத்தது. எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் தொகையே வேறு என்று இங்கே டீக்கடையில் ஒரு மாதம் அதே பேச்சு. இரண்டுமே குடும்ப அட்டையை வைத்துத்தான். உங்கள் அட்டை இன்னும் கோவை முகவரியில் இருந்தால், இடுப்பளவு தண்ணீரில் நின்றாலும் பட்டியலில் நீங்கள் கடலூர்க் குடும்பம் இல்லை. வாடகை ஒப்பந்தத்தை வைத்து முகவரி மாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். இணையத்தில் செய்யலாம், இல்லையென்றால் வட்ட வழங்கல் அலுவலகம். குடிசை சேதத்துக்கு அந்த ஆண்டு 10,000 ரூபாய், நெல் போன்ற பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 என்று தனித்தனிக் கணக்கு. அதற்கெல்லாம் கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து எழுத வேண்டும். தண்ணீர் நிற்கும்போதே, சுத்தம் செய்வதற்கு முன், படம் எடுத்து வையுங்கள். கார், பைக்கில் தண்ணீர் ஏறியிருந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இன்ஜினுக்குள் நீர் புகுந்த வண்டியைக் கிளப்பிக் கெடுத்தால் சாதாரண இன்சூரன்ஸில் அந்தச் செலவு வராது.

தண்ணீர் வடிந்த முதல் வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டம் சேரும் வாரம். வீட்டுக்குள் நுழையுமுன் மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா பாருங்கள். அலமாரி, ஷூ, கேஸ் அடுப்புக்குப் பின்னால் எல்லாம் பாம்பு இருக்கலாம்; கையை விடாமல் குச்சியால் தட்டுங்கள். கடித்தால் கட்டுப் போடுவது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம், 108, நேராக அரசு மருத்துவமனை. காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தவருக்கு அடுத்த வாரம் காய்ச்சல் வந்தால், தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா என்று அவர் பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீரைச் சில நாள் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

மார்கழிக் குளிர் உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. கோவைக் குளிரைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் பனி. அம்மா விடியற்காலைக் கோலத்துக்கு வெளியே போனால் காதைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், போதும். போகியன்று டயர் எரிக்கும் புகையிலிருந்து மனைவியை மட்டும் தள்ளி வையுங்கள்.

கடைசிக் கேள்வி, கிளம்பிவிடலாமா என்பது. கிளம்பலாம், ஆனால் எச்சரிக்கை வந்த அன்றே. மழை தொடங்கியபின் இல்லை. 2024 டிசம்பர் 2-ஆம் தேதி விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டதால் ரயில்கள் நின்றன. அரசூரில் வெள்ளம் ஏறிச் சென்னை, திருச்சி தேசிய நெடுஞ்சாலையிலேயே போக்குவரத்து நின்றது. வழியில் மாட்டிக்கொண்டவர்கள் பாடு வீட்டில் இருந்தவர்களைவிட மோசம். கோவைக்கு வடலூர், விருத்தாசலம், சேலம் வழி உங்களுக்குத் தோது. அதில் தென்பெண்ணையைக் கடக்க வேண்டியதில்லை. ஆனால் 2015 நவம்பரில் நெய்வேலி, குறிஞ்சிப்பாடி வட்டாரமே வெள்ளத்தில் கிடந்ததால் அதையும் முழுதாக நம்ப முடியாது. மனைவிக்கு எட்டாம் மாதம் முடிந்துவிட்டது என்றால் பயணப் பேச்சே வேண்டாம். தாய்வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் தீபாவளி முடிந்த கையோடு, வானம் தெளிந்திருக்கும் ஒரு நாளில் அனுப்பிவிடுங்கள். நீங்களும் அம்மாவும் மட்டும் என்றால் இங்கேயே சமாளிக்கலாம்.